மாட்டின் பல்லும் லொறியின் மீற்றரும்

இலக்கியத்திற்கென்று நடக்கும் ஏட்டில் பழைய லொறி வாங்குவதைப் பற்றி எழுத வந்துவிட்டார்களே என்று சில அன்பர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். அவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று போற்றாத கவிஞர் அரிது. கல்லடிப் பாலத்தடியில், நிலாக் காலத்தில், மீன் பாடும் ஓசையைக் கேட்கத் தோணியேறிப் போனவர்கள் பலர். ஆனால், அந்த வாவியிலும் அதற்குக் கிழக்கே கடலிலும் பிடிபட்ட மீன் பேலியகொடைச் சந்தைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, படுவான்கரை வயலில் விளைந்த நெல் ஆலைக்கு எப்படி வருகிறது, அவற்றை ஏற்றிச் செல்லும் வண்டியொன்றை வாங்குவதற்கு ஒரு குடும்பம் எதையெதை அடகு வைக்கிறது என்ற கேள்விகளை நம் எழுத்தாளர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. மக்களின் வாழ்வே இலக்கியத்தின் பொருள் என்று முழங்கும் நாம், அந்த வாழ்வு எந்த இடத்தில் முறிகிறது என்று பார்க்கவும் கடமைப்பட்டவர்கள். இப்பகுதியில் அது முறிகின்ற இடங்களுள் ஒன்று பழைய லொறி வியாபாரம்.

ஒரு காலத்தில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பாரம் இழுத்தவை மாடுகள். மாடு வாங்கப் போகிறவன் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். பாற்பல் விழுந்து முன்னே இரண்டு பல் முளைத்திருந்தால் இரண்டு வயது ஆயிற்று என்று கொள்வான். நாலு பல், ஆறு பல் என்று ஏறி எட்டுப் பல்லும் நிரம்பிவிட்டால் அது கடை சேர்ந்த மாடு. பல் தேய்ந்திருந்தால் கிழமாடு. தரகன் எத்துணை இனிமையாகப் பேசினாலும் மாட்டின் வாய்க்குள் கையை விட்டுப் பல்லை மாற்றி வைக்க அவனால் முடியாது. எழுத்தறியாத உழவனும் தானே பார்த்துத் தானே தீர்மானிக்கக் கூடிய சாட்சி அது. போடியாருக்கும் அவருடைய முல்லைக்காரனுக்கும் மாட்டின் பல் ஒரே உண்மையைத்தான் சொல்லிற்று.

இன்று அந்தப் பல்லின் இடத்தில் இருப்பது லொறியின் மீற்றர். வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் ஆறு இலக்கங்கள். வாங்குகிறவன் முதலில் குனிந்து பார்ப்பதும், விற்கிறவன் முதலில் விரல் நீட்டிக் காட்டுவதும், விலை பேசும்போது இருவரும் திரும்பத் திரும்பச் சொல்வதும் அந்த இலக்கங்களையே. ஆனால், மாட்டின் பல்லுக்கு இருந்த நேர்மை அதற்கு இல்லை. பழைய வண்டிகளில் இலக்கச் சக்கரங்களைக் கழற்றிக் கையாலேயே திருப்பிவிடலாம். புதிய வண்டிகளில் அந்த எண் ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கிறது. கையடக்கக் கருவியொன்றைப் பொருத்தினால் தேநீர் ஆறுவதற்குள் மூன்று இலட்சத்தை ஒரு இலட்சம் ஆக்கிவிடலாம். தேய்ந்த எஞ்சின் தேய்ந்தபடியே இருக்கும். அதன் வயது மட்டும் குறைந்துவிடும்.

நாம் நன்கறிந்த ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவர் பெயரில் பலர் இருக்கிறார்கள். படுவான்கரையில் வயல் செய்பவர். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து நெல்லைக் கொண்டுவந்த தலைமுறையைச் சேர்ந்தவர். பாலம் வந்தபின், ஒரு லொறி இருந்தால் தம் நெல்லோடு அயலவரின் நெல்லையும் ஏற்றலாம், போக முடிவில் மற்றவரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று எண்ணினார். அவர் வாங்க எழுந்த காலமோ கெட்ட காலம். அந்நியச் செலாவணி இல்லையென்று 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இலேதான் அந்தக் கதவு படிப்படியாகத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டிலிருந்த பழைய இரும்பெல்லாம் பொன்னாயிற்று. இருபது ஆண்டு உழைத்த வண்டிகள் அவை முதலில் வாங்கப்பட்ட விலைக்கு மேலே விலைபோயின. மனைவியின் நகை வங்கிக்குப் போயிற்று. மீதிக்கு ஒரு லீசிங் கம்பனி முன்வந்தது. மீற்றர் 146,000 காட்டிற்று. காத்தான்குடியிலிருந்து கல்லடிவரை ஓட்டிப் பார்த்தார். வண்டி எண்ணெய் வழுக்கியதுபோல் ஓடிற்று. மூன்றாம் மாதம், செங்கலடி–பதுளை வீதியில் அரிசி ஏற்றிச் சென்றபோது, பிபிலையைத் தாண்டி லுணுகலை ஏற்றத்தில் அது நீலப்புகை கக்கி நின்றது. எஞ்சினைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், இது ஐந்து இலட்சத்துக்குக் குறையாமல் ஓடிய எஞ்சின் என்றார்.

தரகரிடம் போய் முறையிட்டார். அதற்குக் கிடைத்த விடை ஒரே வாக்கியம்: "நீங்க பாத்துத்தானே வாங்கின, அண்ணன்?"

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் நாம் எழுத வந்தோம். பொய் சொன்னவனை விட்டுவிட்டு, நம்பியவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வாக்கியம் இது. இதைத் தரகர் தாமாகக் கண்டுபிடித்துவிடவில்லை. இதற்குப் பின்னால் நெடிய சட்ட மரபு ஒன்று நிற்கிறது. வாங்குகிறவனே விழிப்பாயிருக்கக் கடவன் என்பது இங்கிலாந்து வணிகரின் பழைய கோட்பாடு. அந்நாட்டின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இத்தீவில் இயற்றப்பட்டது. விற்கப்படும் பொருளின் தரத்துக்கு விற்பவன் பொதுவாகப் பொறுப்பல்லன் என்பது அதன் தொடக்கம்; பிறகு சில விலக்குகள். அப்பொருளையே வியாபாரமாகச் செய்பவனிடம், இன்ன தேவைக்கு என்று சொல்லி, அவன் திறமையை நம்பி வாங்கினால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால், வாங்குபவன் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவன் பொறுப்பேற்க மாட்டான். வாசகர்கள் இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் வாங்கினால் மூடன். பார்த்து வாங்கினாலோ, பார்த்ததே அவனுக்கு எதிரான சாட்சி!

தரகர்கள் இந்த விலக்குகளையும் அறிந்தவர்கள். ஆதலால், வண்டி தரகர் கையால் விற்கப்பட்டாலும் கடதாசியில் அது ஒரு தனியாளிடமிருந்து இன்னொரு தனியாளுக்குப் போகிறது. 'ஓப்பின் பேப்பர்' என்று வழங்கும் முறையில், பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட படிவத்தோடு மட்டும் மூன்று நான்கு கைகள் மாறிவருகிறது. ஏமாற்றுதல் குற்றம் என்று 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை சொல்கிறது, உண்மை. ஆனால், மீற்றரைத் திருப்பியது இந்த நான்கு கைகளில் எந்தக் கை? படுவான்கரை உழவன் அதை நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பான்? அவன் வழக்காடும் காலத்திலும் லீசிங் தவணை நிற்காது. லொறி ஓடாவிட்டாலும் தவணை ஓடும்.

சரி, பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்கிறார்களே, எதைப் பார்ப்பது? இதை அறிவதற்காக நாம் ஒரு முதிய மெக்கானிக்குடன் சில காலைகளைக் கழித்தோம். அவர் வண்டியைப் பார்க்கும் முறை, நல்ல வைத்தியர் நாடி பிடிக்கும் முறையை ஒத்தது. கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறோம். இவை கராச்சுச் சுவருக்குள் அடங்கிக் கிடக்க வேண்டிய இரகசியங்கள் அல்ல.

அவர் மீற்றரை முதலில் பார்ப்பதில்லை, கணக்குப் போடுகிறார். இந்த வண்டி என்ன தொழில் செய்தது என்று கேட்கிறார். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். மீன் ஏற்றிய வண்டியானால் போய்வர அறுநூறு. வாரத்துக்கு மூன்று நடை என்றால் 1,800. கடல் கொந்தளிக்கும் நாட்களைக் கழித்து ஆண்டுக்கு ஐம்பது வாரம் வைத்தாலும் 90,000 கிலோமீற்றர். ஐந்தாண்டில் நாலரை இலட்சம். அத்தகைய வண்டியின் மீற்றர் 120,000 காட்டினால் அது தூரமன்று, கற்பனை. வெல்லாவெளியிலிருந்து நகரத்து ஆலைக்கு நெல் ஏற்றிய வண்டியோ மாரிப்போகத்திலும் சிறுபோகத்திலும் சில வாரங்கள் உழைத்துவிட்டு மற்றக் காலம் மரநிழலில் நின்றிருக்கும். அது ஆண்டுக்குப் பதினையாயிரம் தாண்டாதிருந்தாலும் வியப்பில்லை. முதலில் தொழிலைக் கேள், பிறகு எண்ணைப் பார் என்பது அவருடைய முதற் பாடம்.

இரண்டாவது, மனிதக் கையும் காலும் பட்டுத் தேய்ந்த இடங்கள். கிளச் மிதியின் இறப்பர், கியர்த் தண்டின் தலை, ஸ்டியரிங் வளையம், சாரதியின் ஆசனம், அவர் இறங்கியேறும் கதவின் கீல். ஒரு இலட்சம் ஓடிய வண்டியில் மிதியின் இறப்பர் இரும்பு தெரியத் தேயாது. பழைய வண்டியில் மிதிகளுக்கு மட்டும் புத்தம்புதிய இறப்பர் போட்டிருந்தாலும் ஐயுறவு கொள்ள வேண்டும். மீற்றர்ப் பெட்டியைச் சுற்றியுள்ள திருகாணிகளில் கீறல் விழுந்திருக்கிறதா, இலக்கங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த ரயர். முப்பதாயிரம் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் வண்டி ஏற்கெனவே இரண்டாம் சோடி ரயரில் நின்றால் காரணம் கேட்க வேண்டும். எண்ணெய் மாற்றிய கடைகள் ஒட்டிய சீட்டுக் கதவோரத்தில் மறந்துபோய் இருக்கும்; மீற்றரைத் திருப்பியவன் அதைக் கிழிக்க மறந்திருப்பான். பழைய புகைச் சோதனைச் சான்றிதழ்கள், தகுதிச் சான்றிதழ்கள், சேவிஸ் துண்டுகள் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். எதிலேனும் பழைய எண் குறித்திருந்தால் அது இன்றைய எண்ணிலும் கூடியதாய் இருக்கலாகாது.

மூன்றாவது, எஞ்சின். விடியற்காலையில், சொல்லாமல் போக வேண்டும். எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நாம் போகுமுன்பே அது சூடாயிருந்தால், குளிர்ந்த நிலையில் அது படும் பாட்டை மறைக்கிறார்கள். இயங்கத் தொடங்கியதும் வரும் கரும்புகை டீசல் மிகையாகவோ காற்றுக் குறைவாகவோ எரிவதைக் காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். விடாது வரும் வெண்புகை டீசல் எரியாமலே வெளியேறுவதையோ தண்ணீர் உள்ளே கசிவதையோ காட்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால், உள்ளிருந்து புகை புசுபுசுவென்று வருமானால் பிஸ்டன் வளையங்களும் உருளையும் தேய்ந்துவிட்டன. எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்க்கும்போது பால் கலந்த தேநீர்போல் நிறம் மாறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சத்தத்தை அடக்கத் தடித்த எண்ணெய் ஊற்றி வைப்பதும் உண்டு. றேடியேற்றரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து, பிறகு இயக்கிப் பார்க்க வேண்டும். குமிழிகள் தொடர்ந்து வந்தால் தலைப்பகுதி பழுது.

நான்காவதுதான் நம் பகுதிக்கே உரியது: உப்பு. வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரைக் காற்றே இரும்பைத் தின்னும். மீன் லொறியிலோ ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் இரவெல்லாம் செசியின்மேல் சொட்டுகிறது. மரப்பெட்டி செசியோடு படியும் இடுக்கில் அது தங்கி, இரும்பு அப்பளம்போல் அடுக்கடுக்காய் உரிகிறது. மேலே பார்த்தால் தெரியாது. வண்டிக்கடியில் படுத்து, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு மொத்தென்று ஒலிக்கும். அடியில் மட்டும் புதிதாய்க் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால், அது அழகுக்காக அடித்ததாய் இராது. செசியில் ஒட்டு வைத்த தடம், வில்தகடுகளில் வெடிப்பு, முன் சக்கரத்தை உயர்த்தி ஆட்டினால் தெரியும் கிங்பின் ஆட்டம் எல்லாம் இந்தப் படுத்திருக்கும் நேரத்தில்தான் வெளிப்படும். வெள்ளத்தில் நின்ற வண்டியையும் அங்கேயே கண்டுபிடிக்கலாம். 2024 நவம்பரிலும், டித்வா புயல் வந்த 2025 நவம்பரிலும் நாட்டில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. ஆசனத்தின் அடியிலும் விளக்குக் கண்ணாடியின் உள்ளும் படிந்த சேறு, மின்கம்பி முனைகளில் பச்சை பூத்த செம்பு ஆகியவை கழுவினாலும் முற்றாய்ப் போகா. செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ளவைதாமா என்பதையும் கண்ணால் ஒப்பிட வேண்டும். அராவித் திருத்திய இலக்கம் விரலுக்குத் தெரியும்.

கடைசியாக, பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு சமதரை. இங்கே வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பது, நோயாளியை உட்காரவைத்து அவன் நடப்பானா என்று தீர்மானிப்பது போலாகும். நம் உழவர் ஏமாந்ததும் இவ்விடத்தில்தான். மணலோ நெல்லோ ஏற்றி ஓட்ட விற்பவன் சம்மதிக்காவிட்டால் ஒரு வழி உண்டு. சமதரையிலேயே, மெதுவாகப் போகும்போது உயர்ந்த கியருக்கு மாற்றி எண்ணெயை அழுத்த வேண்டும். எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி வேகங்கொள்ளாவிட்டால் கிளச் வழுக்குகிறது. பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாய் இழுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவற்றில் அக்கறை வாங்குபவனுக்கு மட்டும் உரியதன்று. நெல் மூட்டைகளின்மேல் குந்திவரும் கூலித் தொழிலாளியும், சாரதிக்கு அருகிலிருக்கும் கிளீனரும், வீதியோரம் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் அந்தப் பிரேக்கை நம்பியே உயிர் வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் கேட்டபின் நாம் அவரிடம், அப்படியானால் உண்மையான கிலோமீற்றர் தெரிந்துவிட்டால் வண்டியின் நிலை தெரிந்துவிடுமா என்று கேட்டோம். அவர் சிரித்தார். மண் ஏற்றும் டிப்பர் ஒரு நாளில் ஐம்பது கிலோமீற்றர்கூட ஓடாதிருக்கலாம். ஆனால், ஆற்றங்கரைக் குழியிலிருந்து அளவுக்கு மீறிய பாரத்தோடு முதல் கியரில் உறுமி உறுமி ஏறும். வரிசையில் நின்று மணிக்கணக்காய் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கும். அதன் மீற்றர் உண்மையே சொன்னாலும் அந்த உண்மை போதாது. நெடுஞ்சாலையில் சீராய் ஓடி, காலத்துக்குக் காலம் எண்ணெய் மாற்றிய வண்டி அதைவிடப் பல மடங்கு தூரம் ஓடியும் நலமாயிருக்கும். ஆக, மீற்றர் எண் ஒரு சாட்சி மட்டுமே. வியாபாரம் முழுவதும் அந்த ஒற்றைச் சாட்சியின்மேல் ஏற்றப்பட்டிருப்பதால்தான் அதைப் பொய்யாக்குவது இத்துணை இலாபமான தொழிலாயிற்று.

இப்பொழுது நம் கேள்விக்கு வருவோம். இவ்வளவும் அறியத்தக்க உண்மைகள். இவற்றைக் காண்பதற்கு மந்திரம் வேண்டியதில்லை. பயின்ற கண்ணும் ஒரு சுத்தியலும் அரை நாட்பொழுதும் போதும். அப்படியிருந்தும் ஏமாறுகிறவர்கள் எப்போதும் ஒரே வகுப்பினராய் இருப்பது ஏன்? பத்து லொறி வைத்திருக்கும் முதலாளிக்குச் சொந்த மெக்கானிக் இருக்கிறார். அவர் ஏமாறுவதில்லை. ஏமாறும் தறுவாயில் இருக்கும் வண்டியை அவரே முதலில் கண்டு, முதலில் விற்றுவிடுகிறார். அதைத் தம் முதல் வண்டியாக வாங்குகிறவர் மீனவரும் உழவரும் கூலிக்கு லொறியோட்டியவரும். அவர்களுக்கு மெக்கானிக்கைத் தேடித் தருபவரும் தரகரே! லீசிங் கம்பனியின் மதிப்பீட்டாளர் வருகிறார், வண்டியைச் சுற்றிப் பார்க்கிறார், அறிக்கை எழுதுகிறார். அவர் காக்க வந்தது கம்பனியின் பணத்தை. தவணையை வட்டியோடு கட்டப்போகிறவரின் கையில் அந்த அறிக்கை வருவதை நாம் கண்டதில்லை. உண்மை இருக்கிறது; ஆனால், அது காசு உள்ளவனுக்குக் கிடைக்கும் சரக்காக இருக்கிறது.

இதில் நேர்மையான விற்பனையாளனும் அழிகிறான் என்பதை மறக்கலாகாது. ஜோர்ஜ் ஆகர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டார். வண்டியின் குணம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆதலால், வாங்குபவன் எல்லா வண்டியையும் ஐயுற்று இடைப்பட்ட விலையே தருவான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையை விட்டுப் போவான். முடிவில் சந்தையில் எஞ்சுவது கெட்ட வண்டியே. இந்த ஆராய்ச்சிகளுக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எண்ணெய் மாற்றி, கழுவி, குழந்தைபோல் வண்டியைக் காத்த நம்மூர்ச் சாரதி அதை விற்க வரும்போது, "இதுவும் திருப்பின மீற்றர்தானே" என்று கேட்கப்படுகிறார். பொய்யின் கூலியை மெய் சொன்னவனும் கட்டுகிறான்.

"எல்லாரும் செய்வதுதானே, உலகமெங்கும் நடப்பதுதானே" என்று சிலர் சமாதானம் கூறுவர். உலகமெங்கும் நடப்பது உண்மை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 450,000 வாகனங்களுக்கு மேல் பொய் மீற்றரோடு விற்கப்படுவதாக அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிருவாகமே மதிப்பிட்டிருக்கிறது. ஆனால், மற்ற நாடுகள் கைகட்டி நிற்கவில்லை. அமெரிக்கா 1972இலேயே மீற்றரைத் திருப்புவதைச் சட்டத்தால் தடுத்தது. ஜேர்மனி 2005இல் அதைத் தனிக் குற்றமாக்கியது. பெல்ஜியத்தில் 2006 முதல், வண்டி கராச்சுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மீற்றர் எண் ஒரு பொது ஏட்டில் பதியப்பட்டு, விற்கும்போது வாங்குபவர் கையில் அந்த வரலாறு தரப்படுகிறது. நமக்கு லொறிகளை அனுப்பும் ஜப்பானில், அரசாங்கப் பரிசோதனைச் சான்றிதழிலேயே மீற்றர் எண் பதிவாகிறது. அங்கே புறப்படும்போது வரலாற்றோடு புறப்படும் வண்டி, கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோ இறங்கியபின் சில கைகள் மாறுவதற்குள் அநாதையாகிவிடுகிறது.

இந்நாடுகளின் சட்டங்களைப் புரட்டும்போது இன்னொன்றையும் கண்டோம். பெல்ஜியத்தின் ஏடு கார்களுக்கும் சிறு வான்களுக்குமே உரியது. அமெரிக்காவில் விற்கும்போது மீற்றர் எண்ணை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதியிலிருந்து 16,000 இறாத்தலுக்கு மேற்பட்ட பார வண்டிகள் விலக்கப்பட்டிருக்கின்றன. பெரிய லொறி வாங்குபவர் பராமரிப்புக் குறிப்புகளைப் பார்த்தே வாங்குவார் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். அங்கே லொறி வாங்குபவர் கம்பனி. குறிப்புகள் வைத்திருப்பதும் கம்பனி. நம் ஊரில் லொறி வாங்குவது ஒரு குடும்பம். அதன் பராமரிப்புக் குறிப்பு பழைய சாரதியின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவரையும் வண்டியோடு தருவதில்லை. ஆதலால், பிற நாட்டுச் சட்டத்தை அப்படியே இறக்குமதி செய்தாலும் நமக்குப் போதாது. நம் சட்டம் லொறியிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. லொறி ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழுக்குப் போகிறது. 2008 முதல் புகைச் சோதனைக்கும் போகிறது; அந்தச் சான்றிதழ் இன்றி வருமான அனுமதிப்பத்திரம் கிடைப்பதில்லை. அந்த இரண்டு வாசல்களிலும் மீற்றர் எண்ணை எழுதி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் சேர்த்து, வண்டி இலக்கத்தைச் சொல்லிக் கேட்கும் எவருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் அந்த வரிசையைத் தர வேண்டும். வண்டி ஏற்கெனவே வந்து நிற்கும் இடத்தில் ஓர் எண்ணைக் குறிப்பதற்குப் புதிய கட்டிடமோ புதிய வரியோ வேண்டியதில்லை. மீற்றரைத் திருப்புபவனையும், திருப்பியதென்று அறிந்து விற்பவனையும் பெயர் சொல்லித் தண்டிக்கும் பிரிவொன்று வேண்டும். லீசிங் கம்பனியின் மதிப்பீட்டு அறிக்கை, தவணை கட்டுபவரின் கையில், அவர் வாசிக்கும் மொழியில், கையொப்பமிடுமுன் கொடுக்கப்பட வேண்டும்.

அரசாங்கம் அசையும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதுமில்லை. இந்த வாவிக் கரைகளில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. கமக்கார அமைப்புகள் இருக்கின்றன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சங்கமும் ஒரு நேர்மையான மெக்கானிக்கைத் தேர்ந்து, வண்டிக்கு இவ்வளவென்று சங்கமே கூலி கொடுத்து, அங்கத்தவர் வாங்கவிருக்கும் லொறியைப் பார்த்து எழுதித் தரச் செய்யலாம். தரகரின் மெக்கானிக் தரகரின் சொல்லைச் சொல்வார். சங்கத்தின் மெக்கானிக் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். பார்த்த வண்டிகளின் குறிப்பையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், ஒருவர் வேண்டாமென்று விட்ட வண்டி பெயின்ற் அடித்துக்கொண்டு இன்னொருவரிடம் வரும்போது அடையாளம் தெரியும். மாட்டின் பல்லைப் பார்க்க ஒவ்வொரு சிறுவனுக்கும் கற்பித்த சமுதாயம் இது. எண்ணெய் மூடியைத் திறந்து பார்க்கவும் செசியைத் தட்டிப் பார்க்கவும் கற்பிக்க இயலாதா?

நாம் மேலே சொன்ன உழவரின் லொறியைக் கம்பனி எடுத்துக்கொண்டது. நகை இன்னும் மீளவில்லை. போக முடிவில் அவர் மறுபடியும் பிறர் லொறிக்காக வரப்பில் காத்து நிற்கிறார். அந்த வண்டி ஏலத்துக்குப் போயிற்று என்று கேள்விப்பட்டோம். புதிய பெயின்றோடு, புதிய மிதி இறப்பரோடு, ஒருவேளை அதனினும் இளைய மீற்றரோடு, அது இப்போது யாரோ ஒருவருடைய வாசலில் நிற்கும். அவரும் அதைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்.